மறுமொழி: ஸ்லைஸுக்கு அடியில் கிடக்கும் அணிக்கு என்ன பெயர் வைப்பது?

வணக்கம்.

ஸ்லைஸுக்கு அடியில் கிடக்கும் அணிக்கு (array, மதிப்புகளை வரிசையாக வைத்திருப்பது) அண்ணன் சொன்ன 'மூல அணி' என்ற பெயர் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோ (Go) என்ற நிரல்மொழிக்கு அது சரிப்படாது. அதில் ஸ்லைஸ் (slice) என்பது அணியின் ஒரு பகுதியைக் காட்டுவது: எங்கே தொடங்குகிறது என்று காட்டும் ஒரு சுட்டி, ஒரு நீளம், எதுவரை நீளலாம் என்ற ஒரு கொள்ளளவு, அவ்வளவுதான். சரக்கெல்லாம் வேறோர் அணியில் கிடக்கிறது.

10, 20, 30, 40, 50 என்று ஓர் அணி. அதில் 20, 30 இரண்டை மட்டும் ஸ்லைஸாக எடுத்தால் நீளம் 2, கொள்ளளவோ 4, அணியின் கடைசிவரை இடம் இருக்கிறதே. இப்போது ஸ்லைஸின் கடைசியில் 99ஐச் சேர்த்தால் (அப்பெண்ட்) அது நேராக 40 இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதுச்சேரியில் என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி, "சார், நான் அணியைத் தொடவே இல்லையே, 40 எங்கே போச்சு?" என்று கேட்டாள். தப்பு அவள்மேல் இல்லை, ஸ்லைஸுக்கு நான் சொல்லிக்கொடுத்த 'துண்டு' என்ற சொல்மேல்தான். கடலூர் முதுநகரில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டு வாங்கி வந்த பிறகு அதற்கும் மீதி மீனுக்கும் என்ன ஒட்டு?

அதனால் ஸ்லைஸுக்குப் 'பாத்தி' என்று சொல்லிப் பார்த்தேன். மண் ஒன்றுதான், நடுவில் வரப்பு. கொள்ளளவு வரை வரப்பை முன்னால் தள்ளினால் 20, 30, 99, 50 நான்கும் தெரியும், ஆனால் பின்னால் தள்ள வழியில்லை, அந்த ஸ்லைஸை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 10ஐ எட்ட முடியாது. (மொழியின் காவலைத் தாண்டிப் போகும் 'அன்சேஃப்' வித்தைகளை விடுங்கள்.)

சரி, மூலத்துக்கு வருகிறேன். அதே ஸ்லைஸில் இன்னும் இரண்டு எண்களைச் சேருங்கள். கொள்ளளவு தாண்டியதும் கோ புதிதாக ஓர் அணியை ஒதுக்கி, இருப்பதையெல்லாம் அங்கே நகலெடுத்துவிடும், பழைய அணிக்கும் இதற்கும் உறவு அதோடு முடிந்தது. இப்போது அடியில் இருப்பதை எப்படி 'மூல' என்பது?

என் பரிந்துரை 'தாங்கணி'. வினைத்தொகை. முதலில் எது இருந்தது என்பது பற்றி அதற்குக் கவலையில்லை, தாங்குவது எதுவோ அதுதான் தாங்கணி. 'அடியணி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார், அதை அணியின் சுழியம் இடத்தில் இருக்கும் முதல் உறுப்போடு பசங்கள் குழப்பிக்கொள்வார்கள்.

பைத்தான் மொழியின் எண் கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) மட்டும் 'மூல அணி' இருக்கட்டும். அங்கே இன்னோர் அணியின் நினைவகத்தைக் காட்டும் வியூ (view) ஒன்றிடம் பேஸ் (base) எது என்று கேட்டால் நினைவகத்தைக் கையில் வைத்திருக்கும் அணியே வந்து நிற்கும்.

பாத்தி வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். தாங்கணிக்குச் சண்டை போடுவேன்.