பாதி உருவப் படத்தில் கைகள் மட்டும் உடம்போடு ஒட்டவில்லை

கரித்துண்டு:
வணக்கம். அம்மாப்பேட்டையில் கைத்தறி நெய்யும் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, தலை முதல் மடி வரை கரியில் வரைகிறேன். ஏ2 தாள், வில்லோ சார்கோல். முகம் ஓரளவு அமைந்துவிடுகிறது. மடியில் நாடாவை (தறியில் ஊடை நூலை ஓட்டும் நீளமான மரக்கட்டை) பிடித்திருக்கும் கைகள்தான் வருவதில்லை. பார்த்தபடி அளந்து வரைந்தால் முகத்தைவிடப் பெரிதாகின்றன. மனக்கணக்கில் குறைத்தால் கையுறை மாட்டியது போல ஆகின்றன. விரல் முட்டிகள் கறுத்துப்போய்க் குழி விழுந்த மாதிரி தெரிகின்றன. அவருக்கும் எனக்கும் நடுவே நாலு அடி. முகத்தை முடித்துவிட்டுத்தான் கைக்கு இறங்குகிறேன். வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான், ஆனாலும் காலையில் ஒரு விதம், சாயங்காலம் ஒரு விதம். எதை முதலில் திருத்துவது?

தூக்குநூல்:
முதல்ல அந்த நாலு அடியைத் திருத்துங்க. நாலு அடின்னா சுமார் 1.2 மீட்டர். மடியில இருக்கிற கை, முகத்தைவிட 45 செ.மீ. முன்னால இருக்குன்னு வைங்க. அப்போ கை உங்ககிட்டருந்து 75 செ.மீ. தூரத்துலதான் இருக்கு. முகத்தோட ஒப்பிட்டா கை ஒன்றரை மடங்குக்கு மேல பெருசாத் தெரியும். உங்க அளவு தப்பில்ல, நிற்கிற இடம்தான் தப்பு. 3 மீட்டர் தூரத்துக்குத் தள்ளிப் போனா அதே கை ஐந்துல ஒரு பங்குகூட கூடாது. கண்ணுக்கு இயல்பா இருக்கும். மொபைல்ல கிட்டப் போய் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைஞ்சாலும் இதே கோளாறுதான் வரும்.

சைட்-சைஸ் முறையில, அதாவது நிற்கிற இடத்துலருந்து பார்த்தா ஆளும் படமும் ஒரே அளவாத் தெரியற மாதிரி வரையறதுன்னா, கணக்கு இப்படி. உச்சந்தலையிலருந்து மடி வரைக்கும் 90 செ.மீ., தாள்ல அதை 50 செ.மீ.க்குள்ள அடக்கணும். அவர் உங்க கண்ணிலருந்து 3 மீட்டர்னா, தாள் உங்க கண்ணிலருந்து 1.65 மீட்டர்ல நிக்கணும். ஈஸலை (தாளைத் தாங்கற சட்டம்) அங்க நிறுத்தி, தாளைச் செங்குத்தா, அவருக்குப் பக்கத்துல தெரியற மாதிரி வைங்க. நீங்க நிற்கிற இடத்துல ரெண்டு பாதத்துக்கும் சாக்பீஸ்ல கோடு போட்டுக்குங்க. பார்க்கிறது, அளக்கிறது, ஒப்பிடறது எல்லாம் அந்தக் கோட்டிலருந்து மட்டும்தான். ஈஸல்கிட்டப் போறது கோடு போட மட்டும். ஈஸல் பக்கத்துல நின்னுக்கிட்டே கையைப் பார்த்தா, அந்த நிமிஷமே பழைய கோளாறு திரும்பிரும்.

நின்னு வரைஞ்சா உங்க கண் அவர் கண்ணைவிட ஒரு முழம் மேல இருக்கும், கையை மேலருந்து குனிஞ்சு பார்ப்பீங்க. அதனால அவர் நாற்காலியை 40 செ.மீ. உயரப் பலகை மேடையில ஏத்துங்க. பலகை ஆடக்கூடாது.

அடுத்தது வரிசை. முகத்தை முடிச்சுட்டு கைக்கு வரவே வராதீங்க. முதல் அமர்வுல முகமும் கையும் ஒண்ணாத்தான் தாள்ல இறங்கணும். உச்சந்தலை, தாடை, விரல் முட்டி, விரல் நுனி, இந்த நாலுக்கும் படுக்கைக் கோடு. அப்புறம் கொத்தனார் தூக்குக்குண்டு ஒண்ணை நூல்ல கட்டி, கண்ணோட உள்மூலையிலருந்து நேர் கீழ எந்த விரல் விழுதுன்னு பாருங்க. மூக்கு நுனி, காது மடல், தோள் முனை, ஒவ்வொண்ணுக்கும் கீழ கையில ஒரு புள்ளி கிடைக்கும். இதெல்லாம் நேர்கோடு மட்டும், வளைவு வேண்டாம். அளக்கிறதுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும், முழங்கை நீட்டியே இருக்கணும்.

தாடையிலருந்து முடி தொடங்கற இடம் வரைக்கும் உள்ள நீளம்தான் மணிக்கட்டிலருந்து நடுவிரல் நுனி வரைக்குமான நீளம்னு ஒரு பாடம் இருக்கு. மடியில இருக்கிற கை குறுகித் தெரியும், அங்க அது செல்லாது. பெரிய பிழையைப் பிடிக்க மட்டும் வெச்சுக்குங்க.

மணிக்கட்டு:
மேலே சொன்னது இடத்தையும் அளவையும் சரிசெய்யும். கையுறை போல ஆவதற்குக் காரணம் வேறு: விரல்களிலிருந்து தொடங்குகிறீர்கள்.

முழங்கையிலிருந்து வாருங்கள். முன்கை, மணிக்கட்டு, புறங்கை, விரல் கூட்டம், கடைசியில் தனி விரல். மணிக்கட்டு உருளை அல்ல, தட்டையான கட்டை; அதற்குள் எட்டுச் சிற்றெலும்புகள் இருக்கின்றன. சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் எலும்பு முனையைக் குறித்துவிட்டால் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பாதி தீர்ந்தது. கட்டைவிரலைத் தவிர்த்த நான்கு விரல்களையும் முதலில் ஒரே வடிவமாக வரையுங்கள். அதன் மேல் முட்டிகள் வழியே ஒரு வில், நடுக்கணுக்கள் வழியே ஒன்று, நுனிக்கணுக்கள் வழியே ஒன்று. இந்த மூன்று வில்லும் ஒன்றுக்கொன்று இணங்கினால் விரல்கள் தாமே உட்காரும். கட்டைவிரலின் தளம் வேறு. அதன் நகம் மற்ற நகங்கள் பார்க்கும் திசையில் பார்க்காது. எல்லா நகங்களும் உங்களைப் பார்த்தால் அதுதான் கையுறை.

புறங்கைப் பக்கம் பார்த்தால் நடுவிரல் கையின் பாதி நீளம் இருக்கும். உள்ளங்கைப் பக்கம் அதே விரல் குட்டையாகத் தெரியும், ஏனென்றால் விரலிடைச் சவ்வு முட்டியைத் தாண்டி முன்னே வந்திருக்கிறது. நாடா பிடித்த கையில் இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் இங்கே பலர் தடுமாறுகிறார்கள்.

நாடா உங்களுக்குப் பெரிய உதவி. விரல்களை மறந்துவிட்டு, முனையிலிருந்து முனைவரை முழு நாடாவையும் ஊடுருவித் தெரிவதுபோல் வரையுங்கள். பிறகு அதைச் சுற்றி விரல்களை வையுங்கள். இடது கைக்கும் வலது கைக்கும் நடுவே அந்தக் கோடு ஒடிந்தால் ஏதோ ஒரு கை இடம் மாறியிருக்கிறது.

செம்பழுப்பு:
முட்டி குழி விழுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ஊர் மாணவர்கள் எல்லோரையும் படுத்தும் விஷயம் இது.

அகாடமிக் பயிற்சி வெள்ளைப் பிளாஸ்டர் வார்ப்பிலிருந்து தொடங்குகிறது. 1860களில் பாரிஸில் வெளியான பார்க் தட்டுகளிலும் (சார்ல் பார்க் என்பவரின் பயிற்சிப் படத் தொகுப்பு) கை கால் எல்லாம் வார்ப்பைப் பார்த்து வரைந்தவையே. பிளாஸ்டருக்கு ஒரே நிறம், ஆகவே அதில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் நிழல். நம் தோலில் அப்படியில்லை. முட்டி மேல் தோல் இயல்பாகவே கறுப்பு, உள்ளங்கை வெளிர். முட்டி வெளிச்சத்தில் மேடாக நிற்கும்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். அதை நிழலின் அடர்த்தியில் போட்டால் மேடு பள்ளமாகிவிடும்.

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிழலும் வெளிச்சமும் பிரியும் எல்லை தெரியும். அந்த எல்லையின் நிழல் பக்கம் முழுவதையும் ஒரே தட்டையான தொனியில் (கருமை அளவில்) நிரப்புங்கள். வெளிச்சப் பக்கத்தில் இருக்கும் எந்தக் கறுப்பும், முட்டி உட்பட, நிழலைவிடத் தொனியில் ஒரு படியாவது வெளிறியே இருக்க வேண்டும். கரிய தோலில் பளபளப்புப் புள்ளி சிறியது, ஓரம் கூர்மையானது. முட்டியை மேடாக்குவது அதுதான். வெள்ளைத் தாளைவிட நடுத்தரச் சாம்பல் தாள் இதற்கு நல்லது, வெள்ளைச் சாக்கைப் பளபளப்புக்கு மட்டும் தொடலாம்.

கையின் மிக வெளிர்ந்த இடம் நெற்றியின் மிக வெளிர்ந்த இடத்தைவிட அரைப்படி தாழ்ந்தே இருக்கட்டும். இல்லையென்றால் பார்ப்பவர் கண் மடியிலேயே நின்றுவிடும்.

சேர்வராயன்:
ஜன்னலைப் பற்றி. பார்க் பாடம் வந்த பாரிஸில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். சேலம் ஏறக்குறைய 11.7 டிகிரி வடக்கு. ஏப்ரல் மூன்றாம் வாரக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இங்கே உச்சி வெயிலே வடக்கே சாய்ந்திருக்கும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை உதயமும் அஸ்தமனமும் வடக்கே ஒதுங்கியிருப்பதால், காலை மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழும். வெள்ளைப் பருத்தி வேட்டியை ஒற்றையாகக் கட்டி மறையுங்கள், ஜன்னலின் கீழ்ப்பாதியைக் கறுப்புத் துணியால் முழுதாக அடையுங்கள். தெருவிலிருந்து மேலெழும் வெளிச்சம் நின்றால் கையின் அடிநிழல் தெளிவாகும்.

ஏற்காட்டில் வரைபவர்களுக்கு: மூடுபனியில் நிழல் எல்லையே கரைந்துவிடும். 5000 கெல்வின் (பகல் வெளிச்சத்தை ஒத்த நிறம்), சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேற்பட்ட எல்இடி ஒன்றை நம்புவது மேல். விளக்கு முகத்துக்கு 1 மீட்டர், கைக்கு 1.6 மீட்டர் என்றால் கைக்கு முகத்தின் 40 சதவீத வெளிச்சமே விழும். அரைப்படிக்கு மேலேயே இறங்கிவிடும், எனவே விளக்கைச் சற்றுத் தள்ளி உயர்த்துங்கள். ஈரம் ஏறிய தாளில் கரி இழைக்குள் இறங்கி அழியாது. தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், மழை நாளில் ஃபிக்ஸடிவ் (கரி உதிராமல் பிடித்து வைக்கும் தெளிப்பு) அடிக்காதீர்கள்.

கரித்துண்டு:
நன்றி, எல்லோருக்கும். ஒன்று மட்டும் கேட்கிறேன். இடைவேளைக்குப் பிறகு அவர் கை அதே இடத்துக்கு வருவதில்லை. என்ன செய்யலாம்?

தூக்குநூல்:
உட்கார்ந்த உடனே ஆரம்பிக்காதீங்க. பத்து நிமிஷத்துல விரல் தளர்ந்து கீழ இறங்கும், இறங்கின நிலையைத்தான் வரையணும். 20 நிமிஷம் இருத்தல், 5 நிமிஷம் ஓய்வு. முழங்கைக்கு நாற்காலிக் கையில சாக்பீஸ் குறி, நாடாவோட ரெண்டு முனைக்கும் வேட்டியில சின்ன மாஸ்கிங் டேப். திரும்பி வந்ததும் முழங்கை, மணிக்கட்டு, நாடா, இந்த வரிசையில அமர்த்துங்க, விரலைத் தொடாதீங்க. நாடா பழைய இடத்துக்கு வந்தா விரல் தானா வந்துரும். ஒரு விரல் மாறியிருந்தா அதை விட்டுட்டு அடுத்ததைப் போடுங்க, அவரைத் திருத்தச் சொன்னா மொத்தக் கையும் விறைச்சுரும்.