அப்பா போனுக்கு ஓயாம ஃபிராடு கால், நிறுத்த வழி சொல்லுங்க (அவசரம்)

காரிமங்கலம்_ஆர் · ஞாயிறு காலை 9:12
அப்பா நம்பருக்கு இந்த வாரம் பூரா தொல்லை கால். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தஞ்சு. பிளாக் பண்ணா வேற நம்பர்ல வருது. டிஎன்டி போட்டாச்சு (விளம்பரக் கால் வேண்டாம்னு பதிவு), வேலைக்கு ஆகல. நான் பெங்களூர்ல இருக்கேன், ஊர்ல அப்பா அம்மா மட்டும்தான். நம்பரை மாத்தாம இதை நிறுத்த வழி இருக்கா? சீக்கிரம் சொல்லுங்க.

அரூர்_அக்கா · 9:20
தம்பி, என்ன போன்? பட்டனா டச்சா? ஒரு சிம்மா ரெண்டா? வர்ற நம்பர் விளம்பரக் கால் மாதிரி 140ல ஆரம்பிக்குதா, சாதாரண பத்து இலக்கமா, +91 இல்லாத வெளிநாட்டு நம்பரா? எடுத்தா என்ன சொல்றாங்க? இது தெரிஞ்சாதான் வழி சொல்ல முடியும்.

பாலக்கோடு_சிக்னல் · 9:26
"டிஎன்டி போட்டாச்சு"ன்னா எப்படிப் போட்டீங்க? 1909க்கு இங்கிலீஷ் எழுத்துல ஸ்டார்ட் 0ன்னு அப்பா சிம்ல இருந்தே எஸ்எம்எஸ் போகணும். ரெண்டு சிம் இருந்தா ரெண்டுலயும் தனித்தனியா. 0 போட்டாதான் எல்லா வகை விளம்பரமும் நிக்கும்.

அதுக்கப்புறமும் வந்தா புகார் குடுக்கணும். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) டிஎன்டி ஆப்லயோ 1909லயோ, கால் வந்த நம்பர், தேதி, என்ன பேசினாங்கன்னு ஒரு வரி. முன்னாடி மூணு நாளுக்குள்ள குடுக்கணும், 2025 பிப்ரவரி திருத்தத்துல ஏழு நாளாக்கிட்டாங்க. பத்து நாள்ல அஞ்சு புகார் சேர்ந்தாலே அந்த நம்பர் மேல நடவடிக்கை எடுக்கணும்னு விதி. புகார் குடுக்காம டிஎன்டி வேலை செய்யலன்னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

தென்பெண்ணை · 9:31
இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்ல. டிஎன்டி என்பது பதிவு பண்ணி விளம்பரம் செய்றவனுக்கான வேலி. ஏமாத்துறவன் எந்தப் பட்டியலையும் பார்த்துட்டு கூப்பிடறதில்ல. இந்த அடிப்படை புரியாம ஒருத்தர் கேக்கறாரு, இன்னொருத்தர் 1909ன்னு பாடம் எடுக்கறாரு. விளம்பரத் தொல்லையா, மோசடியா? முதல்ல அதைப் பிரிச்சுச் சொல்லுங்க.

ஓசூர்_சிப்காட் · 9:33
ட்ரூகாலர் போட்டு விடுங்க ப்ரோ. சிவப்பா காட்டும், அப்பா எடுக்க மாட்டாரு. அஞ்சு நிமிஷ வேலை.

காரிமங்கலம்_ஆர் · 9:48
ரெட்மி போன், ரெண்டு சிம். சாதாரண பத்து இலக்க நம்பர்தான். ஈ.பி. ஆபீஸ்னு சொல்றாங்க. போன பில் சிஸ்டம்ல ஏறல, இன்னைக்கு நைட்டு 9.30க்கு லைன் கட்னு. பில் எல்லாம் கரெக்டா கட்டியாச்சு.

பாரூர்_ஏரி · 9:57
அப்ப இது மோசடிதான். ஈ.பி. பேர்ல வர்றதை அடையாளம் கண்டுபிடிக்க:

வீட்டு பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, ரீடிங் எடுத்த நாள்ல இருந்து இருபது நாள் கெடு. அந்தத் தேதி அட்டையிலயே இருக்கும். கெடு தாண்டாம லைன் கட் பேச்சே வராது. எஸ்எம்எஸ் வந்திருந்தா அனுப்புனது யாருன்னு பாருங்க. முறையா வர்ற எஸ்எம்எஸ்ல அனுப்புநர் இடத்துல எழுத்துதான் இருக்கும், கடைசியில ஒரு கோடு போட்டு ஜி, எஸ், டி, பி இதுல ஒண்ணு வரும்: ஜி அரசு, எஸ் சேவை, டி பணப் பரிவர்த்தனை, பி விளம்பரம். பத்து இலக்க நம்பர்ல இருந்து "லைன் கட்"னு எஸ்எம்எஸ் வந்தா அது பொய். சந்தேகம்னா ஈ.பி.யோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு நீங்களே கூப்பிட்டு சர்வீஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்க. அவன் குடுக்கற நம்பருக்குக் கூப்பிடவே கூடாது.

இந்த மோசடியில கடைசியில "அப்டேட் பண்ண பத்து ரூபா மட்டும் கட்டுங்க"ன்னு ஒரு ஆப் இறக்கச் சொல்லுவான். அந்தப் பத்து ரூபா கட்டும்போது நாம அடிக்கற பின்னை அவன் திரையில பார்ப்பான். அப்பா ஏதாவது ஆப் இறக்கினாரான்னு கேட்டீங்களா?

மலைச்சாரல் · 10:02
ட்ரூகாலர் மட்டும் போதாது. அதுல தெரியற பேரு மத்தவங்க சேமிச்சு வச்ச பேரு. நாலு பேரு "ஈ.பி. ஏ.இ."ன்னு சேமிச்சிருந்தா மோசடிக்காரன் நம்பருக்கும் அதே பேருதான் காட்டும். புது சிம் போட்ட முதல் சில மணி நேரம் ஸ்பேம்னு யாரும் குறிச்சிருக்க மாட்டாங்க, இவனுங்க அந்த நேரத்துலதான் கூப்பிடுவானுங்க. வயசானவங்களுக்கு ஒரே வழி, தெரிஞ்ச நம்பர் மட்டும் ரிங் ஆகணும். செட்டிங்ஸ்ல டு நாட் டிஸ்டர்ப், ஆட்கள், கால்கள், கான்டாக்ட்ஸ் மட்டும்.

ஓசூர்_சிப்காட் · 10:06
கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டா? ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டா? எல்லாத்தையும் அடைச்சுட்டு வயசானவங்க என்ன பண்ணுவாங்க?

மலைச்சாரல் · 10:09
கால் கட் ஆகாது, சத்தம்தான் வராது. மிஸ்டு கால்ல இருக்கும், சாயந்திரம் பார்த்துக்கலாம். சிலிண்டர் ஏஜென்சி, டாக்டர், பால் சொசைட்டி, பேங்க் கிளை நம்பர் எல்லாம் சேமிச்சு வச்சாப் போதும். ஆனா அந்தப் பக்கத்துலயே "திரும்பத் திரும்பக் கூப்பிடறவங்க"ன்னு ஒண்ணு இருக்கும். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள அதே நம்பர் ரெண்டாவது தடவை வந்தா உள்ள விட்டுரும். அதை அணைக்கணும்.

பாரூர்_ஏரி · 10:13
அதை அணைக்கறது தப்பு. நடுராத்திரி அவசரத்துக்கு பக்கத்து வீட்டுக்காரங்க புது நம்பர்ல இருந்து ரெண்டு தடவை கூப்பிட அது ஒண்ணுதான் வழி.

மலைச்சாரல் · 10:15
மோசடிக்காரனும் விடாம ரெண்டு தடவை கூப்பிடுவான். பக்கத்து வீட்டு நம்பரையும் சேமிச்சா முடிஞ்சது.

தென்பெண்ணை · 10:18
சேர்த்து ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. கூகுள் போன் ஆப்ல "அன்நோன் பிளாக்"னு இருக்கறது நம்பரையே மறைச்சுக் கூப்பிடறவனுக்கு மட்டும். கான்டாக்ட்ல இல்லாத எல்லாரையும் அது தடுக்கும்னு பல பேரு தப்பா நினைச்சுட்டிருக்காங்க. அரைகுறையா தெரிஞ்சுக்கிட்டு அடுத்தவங்களுக்குச் சொல்லாதீங்க.

அரூர்_அக்கா · 10:21
தம்பி, இன்னைக்கு காலையில இருந்து எத்தனை கால் வந்துச்சு?

காரிமங்கலம்_ஆர் · 10:34
இன்னைக்கு ஒண்ணும் வரலைன்னு அம்மா சொல்றாங்க. நேத்து சாயந்திரத்தோட நின்னுருச்சு. ஆனா திரும்ப வரும்ல, அதுக்குத்தான் கேக்கறேன். அதோட அப்பா போனுக்கு நேத்து நைட்டுல இருந்து எனக்கே லைன் கிடைக்கல. அடிச்சா யாரோ ஹிந்தில பேசறான், கிராஸ் லைன் போல. அம்மா பட்டன் போன்லதான் பேசிட்டிருக்கேன்.

பாலக்கோடு_சிக்னல் · 10:36
அப்ப டிஎன்டி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு.

அரூர்_அக்கா · 10:41
இல்ல. கிராஸ் லைனும் இல்ல. தொல்லை நின்னதுதான் இங்க பயப்பட வேண்டிய விஷயம். அப்பாவுக்கு வர்ற கால் எல்லாம் வேற நம்பருக்குத் திரும்பிப் போகுது. "லைன் கட் ஆகாம இருக்க இந்த நம்பரை டயல் பண்ணுங்க"ன்னு ஸ்டார் 401 ஸ்டார், இல்லன்னா ஸ்டார் ஸ்டார் 21 ஸ்டார் போட்டு ஒரு பத்து இலக்கம் அடிக்க வச்சிருப்பான். இல்லன்னா ஆப் வழியா செட்டிங்ஸ்லயே மாத்தியிருப்பான். எஸ்எம்எஸ் இப்படிப் போகாது. ஆனா வாய்ஸ் கால்ல வர்ற ஓடிபி போகும். வாட்ஸ்அப்பைப் பிடிக்க அது போதும்.

இப்பவே அம்மா போனுக்குக் கூப்பிட்டு, அப்பா போனைக் கையில வச்சுக்கச் சொல்லி இதே வரிசையில செய்ங்க:

முதல்ல வைஃபையும் மொபைல் டேட்டாவும் ஆஃப். டயல் பண்ணணும்ங்கறதால ஃபிளைட் மோடு வேண்டாம். அப்புறம் *#21# அடிக்கணும், கால் வேற நம்பருக்குத் திரும்புதான்னு (ஃபார்வர்டு) அது காட்டும். ரெண்டு சிம்ங்கறதால எந்த சிம்னு கேக்கும், ஒண்ணொண்ணா ரெண்டுலயும் பார்க்கணும். வாய்ஸ் பக்கத்துல ஒரு நம்பர் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அது ஆதாரம். அதுக்கப்புறம் ##002#, இதுவும் ரெண்டு சிம்லயும். எல்லா ஃபார்வர்டும் போயிரும். திரும்ப *#21# அடிச்சு ஒண்ணும் இல்லன்னு உறுதி பண்ணுங்க. *#62# அடிச்சா தெரியாத நம்பர் ஒண்ணு காட்டலாம். அது பெரும்பாலும் கம்பெனியோட மிஸ்டு கால் அலெர்ட் நம்பர், பதற வேண்டாம்.

அடுத்தது பேங்க். அம்மா போன்ல இருந்து பேங்கோட 24 மணி நேர நம்பருக்குக் கூப்பிட்டு யு.பி.ஐ., ஏடிஎம் கார்டு ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க. நம்பரை பாஸ்புக்லயோ கார்டு பின்னாடியோ பார்த்துக்கங்க, கூகுள்ல தேடாதீங்க. திருப்பிக் கூப்பிட அப்பா நம்பரைக் குடுக்காதீங்க, அது அவனுக்குப் போகும். பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி புகார் எண் 1930. கணக்கு எண், பரிவர்த்தனை எண், நேரம், தொகை நாலும் கையில இருக்கணும்.

தென்பெண்ணை · 10:47
2024 ஏப்ரல் 15ல இருந்து யு.எஸ்.எஸ்.டி. (ஸ்டார், ஹாஷ் போட்டு அடிக்கற கோடு) வழியா கால் ஃபார்வர்டு நிறுத்தச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு இருக்கு. ஸ்டார் 401 கதை பழசு. தேவையில்லாம பயமுறுத்தாதீங்க.

அரூர்_அக்கா · 10:50
உத்தரவு இருக்கு சார், மறுக்கல. ஆனா போன் செட்டிங்ஸ்ல கால் ஃபார்வர்டிங் பக்கம் இன்னும் இருக்கு, அங்க நம்பர் போட்டாலும் இதேதான் நடக்கும். மகன் அடிச்சா வேற ஒருத்தன் எடுக்கறான்னா எந்த வழியில போட்டான்னு ஆராய்ச்சி அப்புறம். முதல்ல எடுத்து விடணும்.

தென்பெண்ணை · 10:52
சரி, பார்த்துடறது நல்லதுதான்.

பாரூர்_ஏரி · 10:58
ஆப் இருக்கான்னும் பாருங்க. நம்ம திரையை அடுத்தவன் பார்க்கற எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஆப் இருந்தா அன்இன்ஸ்டால். ஈ.பி. பில், பிஎம் கிசான், கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல வந்த ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோருக்கு வெளிய ஆப் நிறுவற ஃபைல்) நிறுவியிருந்தா சில சமயம் ஐகானே தெரியாது. செட்டிங்ஸ்ல ஆப் பட்டியலை முழுசா பாருங்க. அழிக்க விடலைன்னா முதல்ல அக்சஸிபிலிட்டியிலயும் டிவைஸ் அட்மின்லயும் அதோட அனுமதியை எடுத்துட்டு அப்புறம் அழிங்க. இந்த மாதிரி ஆப் எஸ்எம்எஸ்ஸையும் அனுப்பிரும், அப்ப ##002# மட்டும் போதாது. அதைத் தூக்கற வரைக்கும் டேட்டாவைத் திறக்காதீங்க.

வாட்ஸ்அப் வெளியேறியிருந்தா ஃபார்வர்டை எடுத்த பிறகு அதே நம்பர்ல திரும்பப் பதிவு பண்ணுங்க. ஆறு இலக்கம் எஸ்எம்எஸ்ல வரும், போட்டதும் அவன் வெளிய போயிருவான். அவன் டூ ஸ்டெப் பின் வச்சிருந்தா நீங்க ஏழு நாள் காத்திருக்கணும், ஆனா அவனாலயும் உள்ள வர முடியாது. சொந்தக்காரங்களுக்கு "பணம் கேட்டா அனுப்பாதீங்க"ன்னு இப்பவே சொல்லிருங்க.

ஓசூர்_சிப்காட் · 11:05
பேங்க்ல சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வைங்க. ஓடிபி, பின் நாமே குடுத்திருந்தாலும், பேங்குக்குச் சொன்னதுக்கு அப்புறம் போற பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில போட்ட விதி. அதுக்கு முன்னாடி போனது நம்ம தலையில விழும். அதனால ஒவ்வொரு நிமிஷமும் கணக்குதான்.

மலைச்சாரல் · 11:40
தம்பி என்ன ஆச்சு?

பாலக்கோடு_சிக்னல் · பகல் 12:55
டிஎன்டின்னு சொன்னது என் தப்பு. பணம் போகலைன்னா அந்த நம்பர்களை தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல, சந்தேகக் கால் பத்திச் சொல்ற சக்ஷு பகுதியில போடுங்க, முப்பது நாளுக்குள்ள வந்த கால் வரைக்கும் எடுத்துக்கும். பணம் போயிருந்தா சக்ஷு இல்ல, 1930தான்.

காரிமங்கலம்_ஆர் · மாலை 4:20
முதல் சிம்ல நம்பர் காட்டுச்சு. ##002# போட்டாச்சு, இப்ப நான் அடிச்சா அப்பாதான் எடுக்கறாரு. ஒரு ஆப் இருந்துச்சு, எடுத்தாச்சு. 4,999 போயிருக்கு, 1930ல புகார் எண் குடுத்தாங்க. வாட்ஸ்அப் பின் கேக்குது. நாளைக்கு பேங்க்குக்குப் போக ஊருக்குக் கிளம்பறேன். அக்காவுக்கு நன்றி.

அரூர்_அக்கா · 4:31
நல்லது தம்பி. யு.பி.ஐ. நிறுத்திட்டாங்களா? ரெண்டாவது சிம்லயும் *#21# பார்த்தீங்களா?

அரூர்_அக்கா · இரவு 9:10
ரெண்டாவது சிம் என்ன காட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க.