மறுமொழி: டெசிஸ்டன்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியவள் நான்தான். எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று ஒரு வாரம் மடல்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: குற்றம் செய்தவர்களைச் சிறைக்கு வெளியே மேற்பார்க்கும் நன்னடத்தை அலுவலர்களோடு வேலை செய்யும் தன்னார்வலர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல் டெசிஸ்டன்ஸ். சிறையிலிருந்து வெளியே வந்தவர் மறுபடியும் குற்றம் செய்தால் அது ‘மீள்குற்றம்’, அதில் யாருக்கும் தகராறு இல்லை. செய்துகொண்டிருந்தவர் நிறுத்தி, நிறுத்தியபடியே நீடிக்கிறாரே, அதற்குத்தான் சொல் தேவை.

> ‘திருந்துதல்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

தக்கலை அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. போன மார்கழி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த மாதம் ஒரு நன்னடத்தை அலுவலரோடு குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். ஆள் யாரென்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை விட்டுவிடுகிறேன். அடிதடி, திருட்டு என்று வழக்குகள், பாளையங்கோட்டைச் சிறையில் சில காலம். இப்போது பால் வெட்டுகிறார். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய 300 மரம். நாங்கள் போனபோது மணி ஒன்பதரை. சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றி, உள்ளே ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். நிற்கவில்லை. “பால் கட்டியாயிரும், நடந்துட்டே பேசுவோம்” என்றார்.

பக்கத்துத் தோட்டக்காரர் எங்களைப் பார்த்து, “இவன் இப்பம் திருந்திட்டான் சார்” என்று சத்தமாகச் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மரத்துக்குப் போனதும் மெதுவாகச் சொன்னார்: “திருந்திட்டேன்னு நான் எப்பிடிச் சொல்ல? அத மத்தவிய சொல்லணும். நான் விட்டாச்சு. அது எனக்குத் தெரியும்.”

அன்றைக்கு இரவு கையேட்டில் நான் ‘திருந்துதல்’ என்று போட்டிருந்த இடங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். திருந்துதல் வாத்தியார் சொல்லும் சொல், போலீஸ்காரர் சொல்லும் சொல். மேலே நிற்பவர் கீழே பார்த்துச் சொல்வது. “நான் திருந்திட்டேன்” என்று ஒருவர் தன்னைப் பற்றியே சொன்னால் கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது, கேட்பவருக்கும் நம்பிக்கை வருவதில்லை. இந்தத் துறையின் நடுச்சொல்லை, அது யாரைப் பற்றியதோ அவரே தலைநிமிர்ந்து சொல்ல முடிய வேண்டும். மற்ற அளவுகோல்களெல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

திருந்துதலில் இன்னொரு குறையும் உண்டு. எல்லாம் அவர் மனசுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது என்று அது சொல்லிவிடுகிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஷெல்டன் குளூக், எலினோர் குளூக் என்ற தம்பதி பாஸ்டன் பகுதியில் சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பையன்களையும், வழக்கு எதிலும் சிக்காத 500 பையன்களையும் 32 வயது வரை தொடர்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அந்தக் காகிதங்கள் ஹார்வர்டு சட்ட நூலகத்தின் அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1980-களில் ஜான் லாப் என்ற குற்றவியலாளர் அவற்றைக் கண்டெடுத்து, ராபர்ட் சாம்ப்சனோடு சேர்ந்து கணினியில் ஏற்றி 1993-இல் முடிவுகளை வெளியிட்டார். அப்புறம் சீர்திருத்தப் பள்ளியில் இருந்த அந்த 500 பேரில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப்போய் 52 பேரிடம் நேரில் பேசினார்கள். அப்போது அவர்கள் எழுபதை நெருங்கிய கிழவர்கள். சிறுவயதுக் குறிப்புகளை வைத்து, யார் பின்னால் விடுவார், யார் விடமாட்டார் என்று கணிக்க முடியவில்லை. நிலையான வேலை, ஒட்டுதலான மணவாழ்க்கை, ராணுவப் பணி ஆகியவை பலருக்குத் திருப்பமாக அமைந்திருந்தன.

நம் பால்வெட்டுக்காரர் கதையும் இதுதான். வெளியே வந்த புதிதில் ஒரு வழக்கில் நிபந்தனை ஜாமீன். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து மணி, பால் எடுக்கிற நேரம். விட்டுவிட்டுப் போனால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும், விலை பாதியாகக்கூடத் தேறாது என்றார். இரண்டு தோட்டத்தில் வேலை போயிற்று. மூன்றாவது தோட்டத்தில் அவர் மனைவி வந்து பாலெடுக்கத் தொடங்கினார். வேலை நிலைத்தது. அந்த நேரத்தைக் கொஞ்சம் மாற்றித் தாருங்கள் என்று கேட்கலாம் என அவருக்கு யாரும் சொல்லவில்லை. கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சரி, இந்த இழையில் வந்த மற்றச் சொற்கள்.

‘மனந்திரும்புதல்’ நம் மாவட்டத்தில் கிறிஸ்தவக் கோயில் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்த சொல். அதன் கனமே வேறு, அதை அங்கேயே விட்டுவைப்போம். ‘குற்றவிலகல்’ பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வுகள் முழுக்கப் புள்ளியியல், அங்கே விலகல் என்றால் சராசரியிலிருந்து தள்ளி நிற்பது. ஒரே பக்கத்தில் இரண்டு விலகலும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

குளச்சல் நண்பரின் ‘ஒதுங்கல்’ ஊர்வாயிலிருந்து வந்தது. “எல்லாத்தையும் விட்டு ஒதுங்கிட்டான்” என்கிறோம்தானே. ஆனாலும் விட்டவர் ஒதுங்குவதில்லை. கல்யாணம், வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று உள்ளே வருகிறார். அப்புறம், 2017-இல் ஒக்கிப் புயல் வந்த நாட்களில் எது கரை ஒதுங்கியது என்று பார்த்துப் பார்த்து நின்ற குடும்பங்கள் நம் கடற்கரையில் இருக்கின்றன. அந்தச் சொல்லை வேறொன்றுக்கு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை ‘குற்றவிடுகை’. குடியை விட்டார், பீடியை விட்டார் என்பதில் இருக்கும் அதே விடு. ஈழத்து நண்பர்களுக்கு இது புதிதல்ல, பள்ளியை விட்டுப் போகும்போது அங்கே தருவது விடுகைப்பத்திரம். சிறையிலிருந்து அரசு தருவது விடுதலை, அவர் தானாகச் செய்வது விடுகை. இரண்டும் ஒரே வேரில் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு சொல்லும் வேண்டும். விட்டவரை ஊரும் விட்டவராக ஏற்றுக்கொள்வதை குற்றவியலாளர் ஃபெர்கஸ் மெக்நீல் இதன் மூன்றாம் படி என்கிறார். அதற்கு ‘ஊரேற்பு’ என்று வைத்திருக்கிறேன். அந்தப் படி எவ்வளவு உயரம் என்று சமூகவியலாளர் டேவா பேஜர் 2003-இல் காட்டினார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரே மாதிரித் தகுதி உள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிறை சென்றதாகச் சொல்லாத வெள்ளை இளைஞர்களைத் திருப்பி அழைத்தவர்கள் நூற்றுக்கு 34, சொன்னால் 17. கறுப்பு இளைஞர்களுக்கு அதுவே 14, 5. சிறை போகாத கறுப்பு இளைஞருக்குச் சிறை போன வெள்ளையரைவிடக் குறைவு. குலசேகரத்தில் நின்று படித்தாலும் இந்தக் கணக்கு புரியும். நம்மிடம் சாதி என்று ஒன்று இருக்கிறது.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து

* * *

அன்புத் தங்கச்சிக்கு,

படித்தேன். ‘திருந்துதலை’ நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முப்பது வருஷம் கோர்ட்டில் கட்டு தூக்கினவன் நான், அந்தச் சொல்லை எத்தனை பேர் எந்தக் குரலில் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஸ்டேஷன் பதிவேட்டில் இருந்த கே.டி. (நோன் டிப்ரடேட்டர், அதாவது பேர்போன குற்றவாளி) என்ற இரண்டு எழுத்து ‘கேடி’ ஆகி வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டதும் தெரியும். உள்ளே போனவனுக்கு இத்தனை பெயர் வைத்த நாம், விட்டவனுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

ஆனால் இரண்டு தடை. அம்பு விடுவோம், பட்டம் விடுவோம், கதை விடுவோம். ‘குற்றவிடுகை’ என்று சேர்த்து எழுதினால் யாரோ குற்றத்தை ஏவி விடுகிற மாதிரி என் காதில் விழுகிறது. அடுத்தது, விடுகை என்றால் ஒரே நாளில் முடிந்த காரியம். நீங்களோ பல வருஷம் நீள்வது என்கிறீர்கள்.

ஊரேற்புக்கு என் ஆதரவு உண்டு. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைக் கையேட்டில் தவறாமல் சேருங்கள். அந்தச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு, அந்தத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது. நான் பார்த்தவரை, விடப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது.

தக்கலை

* * *

அண்ணாச்சி, நன்றி. 12-ஆம் பிரிவை இன்றே சேர்த்துவிட்டேன்.

முதல் தடை சரியானது. ‘குற்றம் விடுகை’ என்று பிரித்தே எழுதுகிறேன். வினை ‘குற்றம் விடு’, ஆள் ‘குற்றம் விட்டவர்’. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், அம்பு போய்விட்டது.

இரண்டாவதில் மட்டும் உடன்பட முடியவில்லை. அதே ‘கை’ விகுதிதான் வாழ்க்கையிலும் இருக்கிறது, அது ஒரே நாளில் முடிகிறதா? குடியை விட்டவர்களைக் கேளுங்கள், தினமும் காலையில் எழுந்து விடுகிறார்கள். இடையில் ஒருமுறை தவறி மறுபடியும் விட்டவர்களையும் இந்தச் சொல் தள்ளிவிடாது. ஷாட் மரூனா என்ற குற்றவியலாளர் லிவர்பூலில் பேசிய, குற்றம் விட்ட ஆட்களும், தங்கள் பழைய வாழ்க்கையை உள்ளே இருந்த நல்ல ஆள் வழிதவறிய காலமாகத்தான் சொன்னார்கள். விடாதவர்களோ எல்லாம் விதி என்றார்கள். இரண்டு தரப்பாரும் வளர்ந்த சூழல் ஒன்றுபோலத்தான் இருந்தது. நம் ஆள் சொன்ன “விட்டாச்சு” முதல் தரப்புப் பேச்சு.

முதல் படிக்கு, அதாவது கொஞ்ச காலம் குற்றம் இல்லாமல் இருக்கும் இடைவெளிக்கு, இன்னும் சொல் அமையவில்லை. ‘இடைநிறுத்தம்’ கிரிக்கெட் ஆட்டம் மாதிரி இருக்கிறது. கடலோர நண்பர்கள் யாராவது, மீன் பாடு இல்லாமல் வள்ளம் கரையில் கிடக்கும் நாட்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.