ஸ்பில்ஓவர்: கசிவா, மறுகாலா, தாவலா?

அன்புள்ள அகராதிக் குழுவினருக்கு,

விலங்கிடம் இருக்கும் வைரஸ் மனிதரைத் தொற்றுவதை ஸ்பில்ஓவர் என்கிறார்கள். தமிழில் இதைப் 'பரவல்' என்றும் 'கசிவு' என்றும் எழுதுகிறார்கள். 'பரவல்' அறவே ஆகாது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் போவதும் பரவல்தான், பிரித்துக்காட்ட வேண்டியதே அதைத்தான். 'கசிவு' என்றதும் ஆய்வகக் கசிவு நினைவுக்கு வரும். என் பரிந்துரை 'மறுகால்'. ஏரி நிரம்பினால் மிகைநீர் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகும். பழந்தின்னி வௌவாலை நிபா வைரஸின் 'தேக்க ஓம்புயிர்' (வைரஸ் நிலையாகத் தங்கியிருக்கும் உயிரி) என்கிறோம். தேக்கத்துக்கு மறுகால் பொருந்தும்.

- - -

> ஏரி நிரம்பினால் மிகைநீர் மறுகால் பாய்ந்து

சொல் அழகு, உவமைதான் இடறுகிறது. ஏரி நிரம்பாமல் மறுகால் பாயாது. வைரஸுக்கு அப்படி ஒரு மட்டம் கிடையாது. வௌவால் நக்கிய ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடித்தாலே வங்கதேசத்தில் நிபா தொற்றியிருக்கிறது.

இரண்டாவது, மறுகால் மேல்நோக்கிப் பாயாது, வைரஸ் பாயும். 2020இல் டென்மார்க்கில் கொரோனா வைரஸ் பண்ணையாட்களிடமிருந்து மிங்க் என்னும் நீர்நாய்க் குடும்பத்து விலங்குக்குப் போய், அங்கே மாறி, மறுபடி மனிதருக்கு வந்தது. இதற்கும் சொல் வேண்டும். 'எதிர்மறுகால்' என்பீர்களா?

மூன்றாவதுதான் முக்கியம். ஸ்பில்ஓவர் வேறு, புதிய இனத்தில் வைரஸ் நிலைபெறுவது வேறு. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் 18 பேரைத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். ஆனால் மனிதரிடையே அது நிலைக்கவில்லை. பறவை வைரஸ் செல்லில் ஒட்டிக்கொள்ளும் இடமான ஏற்பி மனிதரின் மேல்மூச்சுப் பாதையில் குறைவு என்பது ஒரு காரணம். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் இன்னொரு தடை: மனித இரத்தத்தில் வைரஸ் கொசுவைத் தொற்றும் அளவுக்குப் பெருகாது. (இத்தகைய ஓம்புயிருக்கு 'முட்டுச்சந்து ஓம்புயிர்' என்று எழுதுவேன், யாரும் சண்டைக்கு வராவிட்டால்.) எச்.ஐ.வி-1இன் எம், என், ஓ, பி என்ற நான்கு பிரிவுகளும் மனிதக்குரங்குகளிடமிருந்து தனித்தனியே வந்தவை. உலகெங்கும் வேரூன்றியது எம் மட்டும். நான்கும் தாவின, ஒன்றுதான் பேரளவில் ஊன்றியது. ஆகவே இரண்டு சொற்கள்: தாவல், ஊன்றல். எதிர்த்திசைக்கு 'எதிர்த்தாவல்'.

- - -

'தாவல்' எனக்கும் சம்மதம். ஆனால் கணினிக்காரர்கள் உலாவியின் டேபுக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'இனத்தாவல்' என்று நீட்டினால் செய்தித் தலைப்பில் 'இனம்' வேறு பொருள் தரும். 'சிற்றினத் தாவல்' பாடநூலுக்கு மட்டுமே ஆகும். 'தாவுதொற்று' எப்படி? வினைத்தொகை, ஒற்று மிகாது; 'தாவுத்தொற்று' என்று யாரும் எழுதிவிடாதிருக்க அகராதியிலேயே குறிக்கவேண்டும். எண்ணவும் முடியும்: 'மூன்று தாவுதொற்றுகள்'.

- - -

எண்ண முடிவது பெரிய வசதி, ஏனென்றால் களத்தில் கேட்கும் முதல் கேள்வியே எத்தனை முறை தாவியது என்பதுதான். வைரஸ்களின் குடும்ப மரத்தில், நோயாளிகளின் வைரஸ் மரபணு வரிசைகள் விலங்கு வைரஸ்களுக்கிடையே ஆங்காங்கே சிதறி அமைந்தால் பல தாவல்கள். எல்லாம் ஒரே கிளையில் நெருங்கி நின்றால் பெரும்பாலும் ஒரு தாவலும் அதன்பின் மனிதச் சங்கிலியும். முதலாவதில் விலங்குத் தொடர்பை அறுக்க வேண்டும்; இரண்டாவதில் நோயாளியைத் தனிமைப்படுத்தி, தொடர்பில் இருந்தவர்களைக் கண்காணிக்க வேண்டும்.

ஒரு திருத்தம்: வைரஸ் உடலில் ஒட்டியிருப்பது தொற்று ஆகாது. கோழிப் பண்ணையில் வேலை செய்பவரின் மூக்கில் பறவை வைரஸின் மரபுப்பொருள் தூசியோடு ஒட்டியிருக்கலாம். மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை அதையும் காட்டும். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் எடுத்த இரு இரத்த மாதிரிகளில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் தொற்று உறுதி. வரையறையில் இது வரட்டும்:

தாவுதொற்று (பெ.): ஓர் இனத்தில் நிலைகொண்ட நோய்க்கிருமி வேறோர் இனத்தின் உயிரியை அடைந்து அதன் உடலில் பெருகுதல். புதிய இனத்துக்குள் தொடர்ந்து பரவவேண்டியதில்லை. பரவி நிலைத்தால் 'ஊன்றல்'. வினை: தாவு.