நானோவிஎன்ஏ கருவியை 900 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே கொண்டுபோகலாமா?

வாவிக்கரை (கல்லடி):

அனைவருக்கும் வணக்கம். விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்க 1,090 மெகாஹேர்ட்ஸில் அனுப்பும் ஏடிஎஸ்-பி சமிக்ஞைகளைப் பிடிப்பதற்காக, செம்புக் கம்பியால் கால் அலைநீள அன்டனா ஒன்றைச் செய்திருக்கிறேன். அதைச் சோதிக்க என்னிடம் இருப்பது, அன்டனா எந்த மீடிறனில் ஒத்திசைகிறது என்று அளந்து காட்டும் பழைய நானோவிஎன்ஏ கருவி மட்டுமே. அது 900க்கு மேற்பட்ட எண்ணை ஏற்பதில்லை. ஃபேர்ம்வெயாரை, அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளை, மாற்றினால் 1,500 வரை போகும் என்கிறார்கள். உள்ளே ஒரு பாகத்தையும் மாற்றாமல் மீடிறன் வீச்சு எப்படிக் கூடும்? கூடினாலும் அந்த அளவீட்டை நம்பலாமா?

ஈயப்பற்று (கல்முனை):

கூடும், அது ஏமாற்று வேலையும் அன்று. உங்கள் கருவியில் அலையைப் பிறப்பிக்கும் எஸ்ஐ5351 சில்லுக்கு உற்பத்தியாளர் உறுதியளிக்கும் உச்சம் 200 மெகாஹேர்ட்ஸ்தான்; அதை வருத்தி 300 வரை ஓட்டுகிறார்கள். அது தருவது சதுர அலை என்பதால், 3, 5, 7 என்ற ஒற்றை மடங்கு மீடிறன் கொண்ட துணை அலைகளான ஹார்மோனிக்குகளும் அதனோடு சேர்ந்தே வெளிவருகின்றன. 300 முதல் 900 வரை உங்கள் கருவி இப்போதும் மூன்றாம் மடங்கைத்தான் பயன்படுத்துகிறது. புதிய ஃபேர்ம்வெயார் ஐந்தாம் மடங்கையும் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. 1,090இல் அளக்கும்போது சில்லு உண்மையில் 218இல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு விலை உண்டு. சீரான சதுர அலையில் ஐந்தாம் மடங்கின் வீச்சம் அடிப்படை அலையினதில் ஐந்தில் ஒன்று, அதாவது 14 டெசிபெல் குறைவு. வாங்கும் பக்கத்தில் அலையைத் தாழ்ந்த மீடிறனுக்கு மாற்றும் எஸ்ஏ612 மிக்சரும் 500 மெகாஹேர்ட்ஸ் வரைக்குமென்று வடிவமைக்கப்பட்டதே. ஆகவே கீழ் மீடிறன்களில் ஏறத்தாழ 70 டெசிபெல்லாக இருக்கும் அளவீட்டு வீச்சு (அளக்கக்கூடிய மிக வலிய, மிக மெலிந்த சமிக்ஞைகளுக்கு இடையிலான இடைவெளி), 900க்கு மேல் 40 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அன்டனாவுக்கு இது தாராளம். அன்டனாவின் பொருத்தத்தைக் காட்டும் நிலையலை விகிதம் 1.5 என்பதே 14 டெசிபெல் எதிரொளிப்பு இழப்புத்தானே, அதாவது திரும்பி வரும் அலை அனுப்பியதைவிட 14 டெசிபெல் குறைவு. ஆனால் 50 டெசிபெல் தடுக்கும் வடிகட்டி ஒன்றை இதே கருவியில் அளந்துவிட்டு, வடிகட்டி பழுது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

மணல்மேடு (அக்கரைப்பற்று):

தம்பி, ஃபேர்ம்வெயாரை மாற்றியதும் பழைய கலிபிரேஷனை (அளவுதிருத்தத்தை) மறந்துவிட்டு, 1,000 முதல் 1,200 வரையான குறுகிய வீச்சில் புதிதாகச் செய்யுங்கள். திருத்தத்துக்கான ஓபன் (திறந்தது), ஷோர்ட் (குறுக்கிணைத்தது), லோட் (50 ஓம் சுமை) மூன்று முனைகளையும் கேபிளின் அன்டனாப் பக்க நுனியிலேயே பூட்ட வேண்டும். கலிபிரேஷனுக்குப் பிறகு 2 சென்ரிமீற்றர் கேபிள் கூடினால் 144 மெகாஹேர்ட்ஸில் எதிரொளிப்பின் கட்டம் பத்துப் பாகை அளவுக்கே விலகும். 1,500இலோ அதே துண்டு நூறு பாகைக்கு மேல் சுழற்றிவிடும். கல்லடிக் கடற்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேபிளைப் பூட்டும் எஸ்எம்ஏ இணைப்பில் பச்சை பூத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

வாவிக்கரை (கல்லடி):

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். 6.9 சென்ரிமீற்றர் கம்பி 1,035இல் ஒத்திசைந்தது. 3 மில்லிமீற்றர் நறுக்கியதும் 1,080ஐத் தாண்டிவிட்டது. இன்னும் அரை மில்லிமீற்றரை அரத்தால் தேய்க்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: முழு வீச்சையும் ஓடவிட்டால் 870க்கும் 900க்கும் இடையில் கோடு அரிவாள் பல்லாகத் தெறிக்கிறது, 1,450க்கு மேலும் அப்படியே. நடுவில் சுத்தமாக இருக்கிறது. இது அன்டனாவின் குறையா?

ஈயப்பற்று (கல்முனை):

அன்டனாவைக் கழற்றி லோட்டைப் பூட்டிப் பாருங்கள். அப்போதும் தெறித்தால் சில்லின் குறை. 870ஐ 3ஆலும் 1,450ஐ 5ஆலும் வகுத்துப் பாருங்கள், இரண்டும் 290. உங்கள் சில்லு 290க்கு மேல் நிலைகொள்ளவில்லை என்பதே பொருள். சிலவற்றில் இப்படி வாய்த்துவிடுகிறது. ஹார்மோனிக்குக்கு மாறும் எல்லையை அமைப்பில் 300இலிருந்து 290க்கு இறக்கினால் 870க்கு மேலுள்ள பகுதி ஐந்தாம் மடங்குக்கு மாறிச் சீராகும். 1,450க்கு மேற்பட்டதை மட்டும் கைவிட வேண்டியிருக்கும். 1,090க்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை.