பூட்டான் பறவைப் பயணம்: நவம்பரா, ஏப்ரலா?

பாளை தபால்காரர்:
வணக்கம். தபால் ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இருபது வருஷமாகத் தை மாசம் வந்தால் கூந்தன்குளம் கரையில் உட்கார்ந்து வரித்தலை வாத்துகளைப் பார்ப்பேன். இமயமலையைத் தாண்டி நம்ம குளத்துக்கு வருகிற பறவை. அந்த மலைப்பக்கத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். வழிகாட்டியோடு பூட்டான் போகலாம் என்று வீட்டம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அவளுக்கு முட்டுவலி, மேடு ஏற முடியாது. நவம்பரில் போவதா, ஏப்ரலிலா?

நாங்குநேரி டீச்சர்:
அண்ணாச்சி, நான் இரண்டு தடவை போய் வந்தேன். முதல் தடவை பாதி வீணாகிவிட்டது. ஏஜென்ட் அனுப்பிய வழிகாட்டி நல்ல பையன்தான், ஆனால் மடாலயங்களைச் சுற்றிக் காட்டிப் பழகியவர். எட்டரை மணிக்கு டிபன் சாப்பிட்டுக் கிளம்பினால் எந்தப் பறவை நமக்காகக் காத்திருக்கும்? பறவை பார்க்கவே பழகிய வழிகாட்டி வேண்டும் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் நவம்பரில் போப்ஜிக்கா பள்ளத்தாக்குக்குப் போங்கள். ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் என்றாலும் அடிவாரம் சமதரையான ஈரநிலம், மதினிக்கு முட்டு நோகாது. திபெத்தில் இருந்து கருங்கழுத்துக் கொக்குகள் (நம்ம வயல் கொக்கு இல்லை, கிரேன் இனம்) குளிர்காலத்துக்கு அங்கே வந்து இறங்கும். நான் பார்த்த அன்று புல்லெல்லாம் உறைபனி. பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் மூச்சுப் பட்டு மங்கிவிடும், துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு ஜோடி, கூடவே செம்பட்டைத் தலையோடு குஞ்சு ஒன்று. பெரியது கண் வரைக்கும் அலகைச் சேற்றில் விட்டு எதையோ இழுத்துப் போட்டது. குஞ்சு ஓடிவந்து பொறுக்கித் தின்றது. அப்புறம் பெரியவை இரண்டும் கழுத்தை நிமிர்த்திச் சேர்ந்து கூப்பிட்டன. அந்தச் சத்தம் எதிர் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

கொக்குகள் கம்பியில் அடிபடக் கூடாது என்று அங்கே மின்சாரத்தை மண்ணுக்கடியில் கேபிள் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்களே, அது நினைவுக்கு வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. நவம்பர் 11 அன்று காங்தே மடாலய முற்றத்தில் கொக்குத் திருவிழா நடக்கும், பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேஷம் கட்டி ஆடுவார்கள்.

போகிற வழியில் புனாக்காவில் இரண்டு காலை ஒதுக்குங்கள். ஆற்றங்கரையில் வெண்வயிற்று நாரை இருக்கும். நம்ம சாம்பல் நாரையை விடப் பெரிசு, நாலடிக்கு மேல். உலகத்திலேயே மிகவும் அருகிப்போன பறவைகளில் ஒன்று. கூழாங்கல்லுக்கு நடுவில் கல்லோடு கல்லாக நிற்கும், அசைந்தால்தான் தெரியும்.

களக்காட்டுப் பையன்:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் மலைக்காட்டுப் பறவைதான் வேண்டும் என்றால் ஏப்ரல். கிழக்கே துரும்சிங் லா கணவாய் 3,780 மீட்டர். அங்கிருந்து யோங்கோலா வழியாக லிமிதாங் வரை இறங்க இறங்க, ஃபிர் மரக் காடு போய் வெப்பக் காடே வந்துவிடும். மாஞ்சோலை ரோட்டில் போனவர்களுக்கு இது புரியும். காரை நிறுத்திவிட்டு ரோட்டோரமாக நடந்தாலே செங்கழுத்து இருவாச்சி பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் நாள் கணக்கில் வளைவு ரோடு. அம்மாவுக்கு அது ஒத்துவராது அண்ணாச்சி.

வண்ணார்பேட்டைக் கணக்கர்:
இந்தியர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஆதாரை நம்பிப் போகாதீர்கள். ஒரு இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம் உண்டு. பேக்கேஜ் விலையில் அது சேர்த்தியா என்று கேளுங்கள். பாக்டோக்ரா வரை விமானம், அங்கிருந்து ஜெய்கான் எல்லைக்குக் காரில் நாலைந்து மணி நேரம்.

பாளை தபால்காரர்:
எல்லாருக்கும் நன்றி. நவம்பர்தான். டீச்சர் எழுதியதை வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்தக் குஞ்சு இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாக்காளர் அட்டையில் அவள் பேர் தப்பாக இருக்கிறது, நாளைக்கே தாலுகா ஆபீஸ் போகிறேன். உறைபனிக்குத் தாங்குகிற கையுறை திருநெல்வேலியில் எங்கே கிடைக்கும்?