குரூப் 4-இல் போன வருஷங்கள்: மறுபடி புத்தகத்தைத் திறப்பது

வைகைக்கரை:
டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 வேலைத் தேர்வுக்கு நாலைந்து வருஷம் படித்தும் லிஸ்டில் பெயர் வராதவர்கள், போனதை ஒரே மாதத்தில் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். காலை நாலு மணிக்கு அலாரம், தினம் பன்னிரண்டு மணி நேரப் படிப்பு, சுவரில் டைம்டேபிள். ஒரு வாரம்கூடத் தாங்காது. விட்டதும் பழைய குற்ற உணர்ச்சியோடு புதியதும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். ஏ4 தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: வருஷம், நடந்தது, கையில் மிச்சம். இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது. "நடந்தது" கட்டத்தில் "வீணாப்போச்சு" என்று எழுதத் தடை, நடந்தது மட்டும்தான். 2019 செப்டம்பரில் குரூப் 4 நடந்தது. அடுத்தது 2022 ஜூலை, அப்புறம் 2024 ஜூன், 2025 ஜூலை. "ஆறு வருஷம் போச்சு" என்று அழுகிறவர் அந்த ஆறு வருஷத்தில் எழுத முடிந்த குரூப் 4 மொத்தம் நாலுதான். 2020, 2021 இரண்டிலும் தேர்வே இல்லை, அதற்கும் நீங்களே பழி ஏற்றுக்கொண்டால் எப்படி?

"மிச்சம்" கட்டத்தில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் சான்றிதழ், முடித்த சமச்சீர் பள்ளிப் பாடப் புத்தகங்கள், எழுதிவைத்த நோட்டு எல்லாம் வரும். வராமல் காலியாக இருக்கிற வருஷமும் இருக்கும். அதை நிரப்ப முயல வேண்டாம், அப்படியே விடுங்கள்.

கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வோல் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டால்தான் புத்தி வரும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

ஹால்டிக்கெட்:
வைகைக்கரை சொன்ன தாளோடு இன்னொன்றும் வேண்டும். கடைசியாக எழுதிய வினாத்தாளை எடுத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் குறி போடுங்கள். "ப" என்றால் படிக்கவே இல்லை, "ம" என்றால் படித்து மறந்தது, "க" என்றால் தெரிந்தும் கவனக்குறைவு. பலருக்கு "ம" தான் குவியும். அவர்களுக்குப் புதுப் புத்தகமும் புது டெஸ்ட் பேட்ச்சும் பிரயோஜனப்படாது. படித்த பக்கத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால்தான் தேறும். அடிக்கோடு போட்டுப் போட்டு வாசிப்பதில் பக்கம் பழக்கமாகும், விடை நினைவுக்கு வராது. ஐந்து வருஷம் படித்தும் மார்க் அதே இடத்தில் நிற்பதற்கு நான் பார்த்தவரை இதுதான் பெரிய காரணம்.

மறுபடி தொடங்க நல்ல இடம் குரூப் 4-இன் திறனறிவு (கணக்கு) பகுதி. 25 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை மார்க், ஆக 37.5. தினம் பத்துக் கணக்கு, பதினைந்து நிமிஷம்: சதவீதம், மீ.பெ.வ-மீ.சி.ம, தனிவட்டி, விகிதம், வேலையும் நேரமும். தப்பானதை மூன்று நாள் கழித்துத் திரும்பப் போடுங்கள். வரலாற்றில் முன்னேற்றம் தெரிய மாதக்கணக்காகும். இதில் இரண்டே வாரத்தில் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் படிக்க மனசு வரும். மனசு வரட்டும், பிறகு படிப்போம் என்று காத்திருப்பதால்தான் தொடக்கமே தள்ளிப்போகிறது.

முதல் வாரம் 25 நிமிஷம் காலையில், 25 நிமிஷம் மாலையில், போன் அடுத்த அறையில். அடுத்த வாரம் இரட்டிப்பாக்கலாம். ஒரு நாள் விட்டால் மறுநாள் அதே அளவுதான், விட்டதைச் சேர்த்துப் படிக்கக் கூடாது.

தமிழை எளிதென்று ஒதுக்காதீர்கள். 150-க்கு 60 வராவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

மலைக்கோட்டை:
நீங்கள் இருவரும் திரும்பப் படிக்கச் சொல்கிறீர்கள், நிறுத்த வேண்டியவருக்கு யார் சொல்வது? "இவ்வளவு வருஷம் போட்டாச்சு, இப்ப விட்டா எல்லாம் வீண்" என்பதே அடுத்த வருஷத்தையும் வாங்கிவிடும். ஆறு வாரத்தில் மூன்று மாதிரித் தேர்வு எழுதுங்கள்: 200 கேள்வி, மூன்று மணி நேரம், அசல் ஓஎம்ஆர் தாள். உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவின், உங்கள் பதவியின் முந்தைய கட்ஆஃபோடு சராசரியை ஒப்பிடுங்கள். எவ்வளவு குறைந்தால் நிறுத்துவது என்பதை எழுதும் முன்பே வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். மார்க் வந்த பிறகு முடிவெடுத்தால் எல்லோருக்கும் "இன்னும் ஒரே ஒரு அட்டெம்ப்ட்" தான்.

வேலைக்குப் போகிறவர் ரெஸ்யூமில் இடைவெளியை மறைக்க வேண்டாம். "2020–2025: அரசுப் போட்டித் தேர்வுத் தயாரிப்பு" என்று ஒரு வரி, கீழே டேலி, டைப்பிங், எக்செல் மாதிரி இப்போது தெரிந்த வேலை. இன்டர்வியூவில் அடுத்து கேட்பது, "அடுத்த தேர்வு நோட்டிபிகேஷன் வந்தால் போய்விடுவீர்களா?" இதற்குத்தான் பதில் தயாராக வேண்டும். மழுப்பினால் அங்கேயே முடிந்தது.

கல்யாண வீட்டில் "இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியா?" என்று கேட்கும் பெரியப்பாக்களுக்கு: "ஆமா பெரியப்பா, மார்ச் வரைக்கும் பார்க்கிறேன்." தேதி சொன்னால் அடுத்த கேள்வி வராது.

திண்ணை:
ஒன்று விட்டுப்போச்சு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மேலே சொன்ன தாளும் டைமரும் உதவாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டு வாங்கிப் பாருங்கள், அல்லது 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதென்றால் இரண்டு வாரமெல்லாம் எண்ண வேண்டாம், இன்றைக்கே அழையுங்கள்.